மாப்பிள்ளை பள்ளத்தில் விழுந்த சனிக்கிழமை

என் தங்கையின் கணவரை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். ஆயுதம் எதுவும் தேவைப்படவில்லை. அரை நிமிடம்கூட ஓடாத ஒரு வாய்ஸ் மெசேஜ் போதுமானதாக இருந்தது. அவர் இப்போது நலமாக இருக்கிறார். போன ஞாயிறு எங்கள் வீட்டில் இரண்டாம் தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "செத்தவனுக்கே இம்புட்டுப் பசி எடுக்குது, பாத்துக்குங்க மச்சான்" என்றார். மூன்று வருடமாக இதே பேச்சுதான். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. கொன்றவனுக்கு அந்த உரிமை கிடையாது.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் எனக்கே தாங்காது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் நேரம் பார்க்கும் வேலை எனக்கு. எங்கள் வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் எப்போது நுழைந்தது, எப்போது கிளம்பியது, முன்னால் போன வேறு கம்பெனி வண்டி எங்கள் நேரத்தில் எவ்வளவைத் தின்றது என்று எழுதி, தின்றவனோடு சண்டை போட வேண்டும். இப்படிப் பகலெல்லாம் நிமிடங்களுக்காகச் சண்டை போடுகிறவன் வீட்டுக்கு வந்து என்ன செய்வான்? வினாடிகளுக்காகச் சண்டை போட்டேன்.

அதற்கு ஸ்பீட்ரன் என்று பெயர். ஒரு பழைய வீடியோ கேமை எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை எவ்வளவு சீக்கிரம் ஓடி முடிக்க முடியும் என்று பார்ப்பது. உலகம் முழுக்க இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். (வேலை இல்லாதவர்கள் என்பாள் என் மனைவி. அது தவறு. எல்லோருக்கும் வேலை இருக்கிறது. செய்வதில்லை, அவ்வளவுதான்.)

என்னுடையது தொண்ணூறுகளில் டிவியில் மாட்டி விளையாடிய கேசட் கேம். சிவப்புத் தலைப்பாகை கட்டிய ஒரு குள்ளன் இடமிருந்து வலமாக ஓடுவான், தாவுவான், பள்ளம் தாண்டுவான். காடு, சுரங்கம், ஆறு, பனி மூடிய மலைப்பாதை, கடைசியில் ஒரு கோட்டை. கோட்டையில் ஓர் இளவரசி காத்திருப்பாள். கேசட்டில் அவனுடைய பெயர் படிக்க முடியாத எழுத்தில் இருந்தது. தலைப்பாகை கட்டிக்கொண்டு பெண்ணைத் தேடி இப்படித் தலைதெறிக்க ஓடுகிறவனை வேறு என்னவென்று கூப்பிடுவது? நாங்கள் அவனை "மாப்ள" என்றோம்.

நாங்கள் என்றால் நான்கு பேர். ஓசூரில் ஒரு பல் டாக்டர், தூத்துக்குடியில் ஒரு வங்கிக்காரர், திருச்சியில் ஒரு கல்லூரி வாத்தியார், அப்புறம் நான். நால்வருமே நாற்பதைத் தாண்டியவர்கள். தமிழ்நாட்டில் இந்த ஒரு கேமை வேகமாக ஓடுகிறவர்கள் நாங்கள் நால்வர் மட்டுமே என்பது எங்கள் பெருமை. (போட்டிக்கு யாருமே வராததைப் பெருமையாக எடுத்துக்கொள்ள ஒரு மனப்பக்குவம் வேண்டும்.) வாட்ஸப்பில் எங்களுக்கு ஒரு குரூப் இருந்தது. பெயர், "மாப்ள வீடு". அதில் பேச்செல்லாம் இப்படித்தான் இருக்கும்: "மாப்ள இன்னைக்கு ஆத்துல முங்கிட்டான்." "மாப்ளய வௌவால் தூக்கிருச்சு."

டாக்டர் இருபது நிமிடத்துக்குள் ஓடி முடித்துவிட்டார். நான் இருபது நிமிடம் நான்கு வினாடியில் மாட்டிக்கொண்டு நின்றேன். பஸ் ஸ்டாண்டில் நான்கு வினாடிக்கு மதிப்பே கிடையாது. ஒருத்தர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு வெற்றிலையைத் துப்பும் நேரம். ஆனால் அந்த நான்கைக் குறைக்கப் பார்த்தே எனக்கு எட்டு மாதம் போயிருந்தது. தாவினால் வேகம் குறையும் என்பதால் தாவாமல் ஓடக்கூடிய இடங்களைத் தேடிக் கண்டுபிடித்தேன். சுரங்கத்தில் வௌவாலிடம் வேண்டுமென்றே ஓர் அடி வாங்கினால் அது நம்மை முன்னால் தள்ளிவிடும், அதில் கொஞ்சம் லாபம். புதிய தட்டை டிவியில் பட்டனை அழுத்துவதற்கும் ஆள் அசைவதற்கும் நடுவில் ஒரு நூல் தாமதம் இருப்பதால், பழைய டப்பா டிவி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். நான் ஆடுவதை நானே படம் பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு, என் கட்டைவிரல் எங்கே தயங்குகிறது என்று பார்த்தேன்.

அது தயங்கிய இடம் மலைப்பாதையின் கடைசித் திருப்பம். முழுக்கப் பனி. ஓடி வந்து, விளிம்பில் பின்னால் போகிற பட்டனை இரண்டு தட்டு தட்டி நின்று, உடனே தாவ வேண்டும். அந்தத் திருப்பத்துக்கு எங்கள் பாஷையில் "கொண்டை ஊசி" என்று பெயர். இரண்டு தட்டுக்கு "பிரேக்" என்று பெயர். பிரேக் பிடிக்காவிட்டால் நேராகப் பள்ளம்தான்.

இப்போது நிஜ மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கை வசந்தாவின் கணவர் முருகானந்தம். வத்தலக்குண்டில் வீடு. சொந்தமாக வேன் வைத்து, கொடைக்கானலுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறார். எங்கள் சொந்தத்தில் பெயர் சொல்லாமல் வெறுமனே "மாப்பிள்ளை" என்றால் அது அவர் ஒருவர்தான். வாய்க்குள் அவசரமாகச் சொன்னால் அதுவும் "மாப்ள"தான்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அன்று புரியவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. மனைவி கலைவாணிக்குப் பள்ளியில் தேர்வு மேற்பார்வை. போனைத் தலைமையாசிரியர் அறையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டில் நானும் டப்பா டிவியும் மட்டும். காலையிலிருந்து ஆறேழு தடவை தொடங்கி, காட்டிலேயே தடுமாறி, அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன். பிறகு ஒரு ஆட்டம் வந்தது. சில ஆட்டங்கள் தொடங்கும்போதே தெரிந்துவிடும். காட்டைக் கடந்தபோது என் பழைய நேரத்தைவிட இரண்டு வினாடி முன்னால் இருந்தேன். வௌவால் நான் கேட்ட இடத்தில் கேட்ட மாதிரி அடித்தது. ஆறு முடிந்தபோது ஆறு வினாடி முன்னால். அதுவரை என் வாழ்க்கையில் நான் எதிலும் ஆறு வினாடி முன்னால் இருந்ததில்லை.

மலைப்பாதையில் ஏறினேன். உள்ளங்கை வியர்த்துவிட்டது. துடைக்க நேரமில்லை. அந்தத் திருப்பம் வந்தது. விளிம்பு. ஒரு தட்டு. இரண்டாவது தட்டுக்கு விரல் வழுக்கியது. தலைப்பாகை மட்டும் ஒரு கணம் திரையின் அடியில் சிவப்பாகத் தெரிந்து மறைந்தது.

போனை எடுத்தேன். "வீடு" என்ற பெயர் கண்ணில் பட்டதும் அழுத்திப் பிடித்துப் பேசினேன். அன்று பேசியதை எழுத்துப் பிசகாமல் தர முடியும். ஏனென்றால் அதற்குப் பிறகு அதை எனக்கு ஒரு நூறு பேர் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

"போச்சுப்பா. மாப்ள போயிட்டான். மலைப்பாதைல, அந்தக் கொண்டை ஊசிலதான். பிரேக் பிடிக்கல. நேராப் பள்ளத்துல விழுந்துட்டான். காலைல இருந்து எம்புட்டு நல்லா வந்தான் தெரியுமா... எல்லாம் முடிஞ்சுபோச்சு. என்னால பேச ஏலல. யாரும் எனக்குப் போன் பண்ணாதீங்க. செத்த நேரம் கழிச்சு நானே வாரேன்."

குரல் உடைந்திருந்தது. நடிப்பில்லை. ஆறு வினாடியை இழந்தவனின் உண்மையான குரல் அது.

எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் குரூப்பின் பெயர் "நம்ம வீடு". மெசேஜ் அங்கே போய்விட்டது. இதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. நான்தான் போன் பண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேனே! போனைச் சத்தமில்லாமல் செய்து, குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மறுபடியும் ஒரு நல்ல ஆட்டம் பிடிபட்டிருந்தது. ஆற்றில் மரக்கட்டைகள் மேல் தாவிக்கொண்டிருந்தேன். வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சித்தப்பா மகன் செல்வம். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறான். நான் திரும்பவில்லை.

"அண்ணே..." என்றான்.

"இருடா. ஆத்தத் தாண்டிக்கிறேன்."

பின்னால் விசும்பல் கேட்டது. ரோஜா வாசனை வந்தது. கையில் பெரிய மாலை வைத்திருந்திருக்கிறான். பூ மார்க்கெட்காரன் எப்போதும் ஏதாவது கையில் வைத்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

"அண்ணே, மனச விட்டுறாதீங்கண்ணே."

"நான் ஏண்டா விடுறேன். இப்ப நாலு செகண்டு முன்னாடி இருக்கேன்."

அவன் பெரிதாக அழ ஆரம்பித்துவிட்டான். அவன் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்பதைப் பிறகு அவனே சொன்னான்: துக்கத்தில் புத்தி பேதலித்து, சின்னப் பிள்ளையாகி, டிவி முன்னால் உட்கார்ந்து பொம்மை விளையாடிக்கொண்டிருந்த ஆள். அவன் நேராகப் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தான்.

திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி இருண்டது. நான் கத்துவதற்குள் அவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அழுதுருங்கண்ணே! உள்ளயே வச்சுக்கிட்டு இருந்தா நெஞ்சு அடைச்சுக்கிரும்! மாப்பிள்ளை போயிட்டாருண்ணே!"

"எந்த மாப்பிள்ளை?"

"பாத்தீங்களா, பாத்தீங்களா, நினைப்பே இல்ல. வசந்தாக்கா வீட்டுக்காரருண்ணே! கொடைக்கானல் ரோட்டுல, கொண்டை ஊசி வளைவுல, பிரேக் பிடிக்காம வேனோட பள்ளத்துல..." மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"எப்படா?"

"பதினோரு மணி வாக்குல."

பதினோரு மணி. என் மாப்ள பனியில் வழுக்கி விழுந்த அதே நேரம். அதே கொண்டை ஊசி. அதே பிரேக். ஒரு பொம்மையை மாப்பிள்ளை என்று கூப்பிட்டுத் தினமும் பள்ளத்தில் தள்ளிக்கொண்டிருந்தேனே, அதுதான் பலித்துவிட்டதோ என்று தோன்றியது. (உண்மைக்கு இவ்வளவு பக்கத்தில் போய் நின்றுகொண்டு அதைப் பார்க்காத மனிதன் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.) ஒரு பஸ் ஐந்து நிமிடம் பிந்தினாலும் யார் பார்த்தது, எங்கே பார்த்தது, யார் சொன்னது என்று கேட்டு எழுதுகிறவன் நான். அன்று ஒரு மனிதர் செத்துப்போனார் என்கிறார்கள்; யார் சொன்னது என்று நான் கேட்கவே இல்லை.

செல்வத்தின் போனில் சித்தப்பா வந்தார். அவர் வீடு வத்தலக்குண்டில், வசந்தா வீட்டுக்கு அடுத்த வீடு.

"ஏலே சந்திரா, போலீஸ்ல இருந்தா உனக்குச் சொன்னாங்க?"

நான் அழுகையில் "ஆங்... ஆங்..." என்றேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"சரி, அழுகுறத அப்புறம் வச்சுக்க. இப்பக் கேளு. அவரு போனு சுவிட்ச் ஆப்னு வருது. ரெண்டு பயலுகள மலைக்கு அனுப்பிட்டேன், ஒவ்வொரு வளைவா எட்டிப் பாத்துக்கிட்டுப் போறானுங்க. வசந்தா சின்னாளப்பட்டிக்குச் சேலை எடுக்கப் போயிருக்கு. அதுக்கு ஒண்ணும் தெரியாது. வெளியில போனா நெட்ட அமத்திப் போட்டுரும், அதுவும் நல்லதாப் போச்சு. போன்ல யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னுட்டேன். நீதான் கூடப் பொறந்தவன். போயிப் பக்குவமாக் கூட்டிட்டு வா. வழியில எதையும் உளறிறாத, புரிஞ்சுதா?"

செல்வம் மாலையோடு வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறினான். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மதுரை ரோட்டில் போனேன். தூரம் அதிகமில்லை. ஆனால் அந்தப் பாதை அன்று முடியவே மாட்டேன் என்றது. இல்லை, முடிந்துவிடக் கூடாது என்று நான்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். எதிரே மாப்பிள்ளையுடையதைப் போல வெள்ளை வேன் வந்தபோதெல்லாம் ஓட்டுகிறவர் முகத்தை எட்டிப் பார்த்தேன். காரணமில்லாமல் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். அவளிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது? "வீட்டுக்கு வா" என்றால் ஏன் என்பாள். "மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" என்றால் உடனே அவருக்குப் போன் போடுவாள்.

கடை ஒரு நெசவுக்காரர் வீட்டின் முன்கூடம். தரை முழுக்கச் சுங்குடிச் சேலைகள் விரித்துக் கிடக்க, நடுவில் வசந்தா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் மல்லிகை. நான் பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனேன்.

"அட, அண்ணே! நீ எங்க இங்க? நல்ல நேரத்துல வந்த, உக்காரு. இந்த அரக்கு எனக்கு எடுக்குமா, சொல்லு."

அவள் அந்தச் சிவப்பைத் தோளில் போட்டுக் காட்டினாள். என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. "சிவப்பு வேண்டாம்மா."

"ஏன்?"

"வெளிர் நிறமா ஏதாவது எடு."

"வெளிரா? ஏன், எனக்கு வயசாயிருச்சா? அவரு பாத்தாருன்னா வெள்ளாவிக்குப் போட்டியாடின்னு கேப்பாரு."

கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்குத் தங்கச்சி மேல இம்புட்டுப் பாசமா, கண்ணு கலங்குது பாருங்களேன்" என்றார்.

"பாசமா? எங்கண்ணனுக்கா? தீவாளிச் சீர் கொண்டுவந்தாலே கடிகாரத்தப் பாத்துக்கிட்டுத்தான் இறக்கி வைக்கும். அண்ணே, அந்த வேட்டிய எடு, அவருக்கு ஒண்ணு எடுத்துக்கிறேன்."

"வேண்டாம்மா."

"வேட்டியுமா வேண்டாம்?"

"அப்புறம் எடுத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப?"

நான் வேட்டியைத் தள்ளி வைத்தேன். வசந்தா தோளில் இருந்த சிவப்பை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"அண்ணே. என்னாச்சு? அண்ணிக்கு ஏதாச்சுமா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"பின்ன யாருக்கு?" அவள் குரல் பாதியாகிவிட்டது. "சொல்லுண்ணே. அவருக்கா?"

பக்குவமாகக் கூட்டி வர வேண்டும் என்று அனுப்பப்பட்ட நான் ஒரு அடுக்குச் சேலையின் மேல் தொப்பென்று உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் முகத்திலிருந்து ரத்தம் வடிந்து வெளிறுவதை என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லிவரும்போது இந்த இடத்தில் எனக்கு ஒரு மூச்சு தப்பிப் போகும்.

அப்போது அவள் போன் அடித்தது. திரையில் "அவரு" என்று வந்தது.

போலீஸ்காரர்கள் இறந்தவர் போனிலிருந்துதான் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவள் எடுப்பதற்குள் பாய்ந்து பிடுங்கினேன்.

"ஹலோ, சார்..."

"சாரா? யாரு, மச்சானா?"

எனக்குத் தெரிந்த குரல். அப்படியும் நான் கேட்டேன்: "யாரு பேசுறது?"

"நான்தான் முருகானந்தம்."

"எங்க இருந்து பேசுறீங்க?"

"எங்க வீட்டுல இருந்துதான். போன்ல சார்ஜ் இல்ல, இப்பத்தான் போட்டேன். மச்சான், இங்க என்னா நடக்குது? வாசல்ல சாமியானா கட்டுறாங்க. உள்ள வந்தா எங்க கல்யாண போட்டோல என் பக்கம் மட்டும் மாலை தொங்குது. உங்க சித்தப்பா என்னப் பாத்துட்டுக் கொல்லைப் பக்கமா ஓடுறாரு. வழியில வேற, நம்ம பயலுக ரெண்டு பேரு வளைவுல நின்னு பள்ளத்த எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தானுங்க, ஹாரன் அடிச்சும் திரும்பல. யாரு மச்சான் செத்தது?"

"நீங்கதான் மாப்பிள்ளை" என்றேன்.

"யாரு சொன்னா?" என்று அவர் அங்கே யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. தூரத்திலிருந்து, கொல்லையிலிருந்தே, சித்தப்பாவின் குரல்: "உங்க மச்சான்தான்யா சொன்னான்! குரூப்புல அவன் குரலே இருக்கு!"

வசந்தா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "ஏங்க... நீங்கதானா? நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?" என்று வரிசையாகக் கேட்டாள். வைத்துவிட்டு நெட்டைப் போட்டாள். "நம்ம வீடு" குரூப்பைத் திறந்தாள். அவள் அவசரமாக அழுத்தியதில் சத்தம் முழுதாக ஏறிவிட்டது. கடைக்கார அம்மா, தறியிலிருந்து எழுந்து வந்த அவர் கணவர், வேட்டி எடுக்க வந்த இரண்டு பேர், எல்லோர் முன்னாலும் என் குரல் கூடம் முழுக்க ஒலித்தது. மாப்ள போயிட்டான். பிரேக் பிடிக்கல. எம்புட்டு நல்லா வந்தான் தெரியுமா.

முடிந்ததும் கடைக்கார அம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "குரலு உங்களுது மாதிரியே இருக்கேண்ணே."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தலைப்பாகை, இளவரசி, பனி, இரண்டு தட்டு. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வரவில்லை. வசந்தா அந்த அரக்குச் சேலையை நான்காக மடித்து அதாலேயே என் முதுகில் நான்கு அடி போட்டாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே சேலையைக் கட்டித் தரச் சொன்னாள். ஸ்கூட்டரில் ஏறியதும் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

"எனக்கு அந்தப் பள்ளத்தக் காட்டு."

சாயங்காலம் வேன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். அவர் பின்னால் சித்தப்பா, செல்வம், கேதத்துக்கென்று கிளம்பி வந்து திரும்பிப் போக மனமில்லாத சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர். நான் அவர் காலில் விழாத குறையாக நின்றேன். அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு குறைதான் சொன்னார்.

"செத்ததுகூடப் பரவால்ல மச்சான். 'விழுந்துட்டான்'னா சொல்லுவீங்க? 'போயிட்டான்'? இருபது வருசம் இந்த வீட்டு மாப்பிள்ளை நான். ஒரு 'ரு' போட்டா உங்களுக்கு என்னா கொறைஞ்சுபோச்சு?"

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் சித்தப்பா. "சரி, துக்கத்துல மரியாத எங்க நினைப்பிருக்கும்னு விட்டுட்டேன்."

கலைவாணி அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து, வாய்ஸைக் கேட்டாள். "நான் மட்டும் கேட்டிருந்தா ரெண்டு செகண்டுல சொல்லியிருப்பேன், இது அந்தப் பொம்மைக்கு அழுகுற குரலுன்னு. மனுசங்களுக்கு இவரு இப்படி அழுததே இல்ல."

வசந்தா டப்பா டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். "போடுண்ணே. அவரு அந்த வளைவத் தாண்டுறத நான் பாக்கணும்."

"இதெல்லாம் விளையாட்டும்மா."

"விளையாட்டுதான. தாண்டு."

"ஒருவேளை விழுந்துட்டா..."

"விழக் கூடாது" என்றாள்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "சகுனம்னு ஒண்ணு இருக்கு சந்திரா. பாத்து ஓட்டு."

எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் நாற்காலியில், ஒரு கையில் கடலைப் பொட்டலத்தோடு, இதெல்லாம் வேடிக்கை என்பது போலச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தை ஓடவிடவில்லை. காடு முழுக்கத் தாவ வேண்டிய இடத்தில் தாவி, நிற்க வேண்டிய இடத்தில் நின்று போனேன். வௌவாலிடம் ஓர் அடிகூட வாங்கவில்லை. ஆற்றில் ஒவ்வொரு கட்டையும் பக்கத்தில் வரும் வரை காத்திருந்தேன். "நல்லாத்தான் ஓட்டுறான்" என்றார் சித்தப்பா. மலைப்பாதை வந்தது.

அங்கேதான் எனக்கு உறைத்தது. கொண்டை ஊசியில் மெதுவாகப் போக முடியாது. ஓட்டம் இல்லாவிட்டால் தாவல் பள்ளத்தை எட்டாது. முழு வேகத்தில் ஓடி வந்து, விளிம்பில் அந்த இரண்டு தட்டு தட்டியே ஆக வேண்டும். காலையில் தவறிய அதே இரண்டு தட்டு. பத்து ஆட்டத்தில் மூன்றில் விழுகிற இடம் அது. என் பின்னால் உட்கார்ந்திருக்கிற என் தங்கைக்கு அந்தக் கணக்கை நான் சொல்லவில்லை.

கையைத் துண்டில் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். மாப்பிள்ளையின் கடலை மெல்லும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன், கடலை வாய்க்குப் போகும் வழியில் கை அப்படியே நின்றிருந்தது. அவரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

ஓட விட்டேன். பனி. விளிம்பு. ஒரு தட்டு. இரண்டு.

தலைப்பாகை விளிம்பில் முன்னும் பின்னும் ஆடி நின்றது. தாவினேன். அந்தக் குள்ளன் காற்றில் இருந்த நேரம் எவ்வளவு என்று எனக்கு எப்போதும் தெரியும். அன்று அது அதைவிட நீளமாக இருந்தது. அந்தப் பக்கம் காலை ஊன்றினான். யாரோ ஓர் அத்தை குலவை போட்டுவிட்டார். செல்வம் எழுந்து நின்று கைதட்டினான். மாப்பிள்ளை கடலையை வாயில் போட்டுக்கொண்டு, "நான்தான் மொதல்லயே சொன்னேன்ல, என் பிரேக்கு எப்பவும் பிடிக்கும்னு" என்றார். அப்படி அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கோட்டையில் இளவரசி வந்தபோது வசந்தா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சுமாராத்தான் இருக்கா" என்று எழுந்து போய்விட்டாள்.

அத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் வசந்தா போன் பண்ணினாள். "அண்ணே, அவரு வண்டி எடுத்துட்டாரு. மேலதான் போறாரு. இன்னைக்கு அந்த டப்பாவத் தொடாத." செவ்வாய்க்கிழமையும் அதே போன். அன்றிலிருந்து இன்றுவரை மாப்பிள்ளை மலை ஏறும் நாளில் நான் ஆடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சீசனில் அவர் தினமும் ஏறுகிறார். மழையில் ஏறினால் இன்னும் கூடாது. டாக்டர் இதற்குள் தன் நேரத்தை இன்னும் இரண்டு தடவை குறைத்துவிட்டார்.

போன மாதம் வேன் இரண்டு நாள் ஒர்க் ஷாப்பில் நின்றது. அனுமதி வந்தது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது ஆட்டமே நன்றாக அமைந்தது. மலைப்பாதையில் ஏறும்போது ஐந்து வினாடி முன்னால் இருந்தேன். திருப்பம் வந்ததும், நான் சொல்லாமலே, என் கட்டைவிரல் கொஞ்சம் முன்னதாகவே பிரேக்கைப் பிடித்துவிட்டது. குள்ளன் விளிம்புக்கு ஓரடி முன்னால் நின்று, நிதானித்து, ஒரு தடவை பின்னால் போய் ஓடி வந்து தாவினான். கோட்டையில் கடிகாரம் இருபது நிமிடம் நான்கு வினாடி காட்டியது.

போனை எடுத்தேன். யாருக்கு அனுப்புகிறேன் என்று பெயரை இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு, வசந்தாவுக்கு மட்டும் அனுப்பினேன்: "மாப்பிள்ளை பத்திரமா வந்து சேந்துட்டாரு."

உடனே பதில் வந்தது: "தெரியும். இங்க உக்காந்து நாலாவது தோசை கேக்குறாரு."